கண்ணகியைக் காரைக்குடிக்குக் கூட்டி வரலாமா?

கொப்புடையாள் பிள்ளை: "ஊரையும் பூர்வீகத்தையும் மாற்றினால் பாத்திரம் செத்துப்போகும்" என்று நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருந்தார். எரிச்சலாக வந்தது. கோவலனை 1931இல் காரைக்குடியில் நிறுத்துங்கள். செட்டிநாட்டு நகரத்தாருக்குப் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்றுதானே சொல்கிறோம், அவனும் நம்ம ஆள்தான். ரங்கூனில் வட்டிக்கடை, அங்கேயே மாதவி. நெல் விலை விழுந்ததும் கடன் வசூலாகவில்லை, ஈட்டுக்கு வந்த வயலை வாங்கவும் ஆளில்லை. வெறுங்கையோடு வருகிறான். கண்ணகி பெட்டகத்தைத் திறந்து கல்யாணத்தில் பூட்டிய தங்க நகையான கழுத்துருவை எடுத்துக் கொடுக்கிறாள், மதுரையில் விற்க. ஆள் புதுசா இல்லையா?

தேவகோட்டை ரஸ்தா: அந்த மேதாவி நான்தான். சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறித்தது. அரசி சிலம்பில் முத்து. வழக்கே அங்கேதான் தீர்ந்தது. கழுத்துருவை உடைத்தால் என்ன தெறிக்கும்?

ஆச்சி பேத்தி: அண்ணே, வால்மீகியில் ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பனில் பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்து எடுக்கிறான். மாற்றினால் செத்தா போனாள்? 1939இலிருந்து கம்பன் விழா நடக்கிற ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

தேவகோட்டை ரஸ்தா: கம்பனை விடுங்கள். என்ன தெறிக்கும்? பதில் வரவில்லை. அதோடு அது தாலி. தாலியை விற்கக் கொடுப்பவள் கண்ணகியே இல்லை.

ஆச்சி பேத்தி: கழுத்துரு கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும்தான் கழுத்தில் ஏறும். தினமும் கிடப்பது சிறுதாலி. தெரியாவிட்டால் வீட்டில் கேளுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா: எனக்கே செட்டிநாட்டுப் பாடமா? ஆத்தங்குடித் தரைக்கல்லை இத்தாலி மார்பிள் என்று படம் போட்டவர்தானே நீங்கள்?

ஆச்சி பேத்தி: அது என் தம்பி போட்டது. எத்தனை தடவை சொல்வது?

வடக்கு வளவு: சண்டை வேண்டாம். ஷெர்லாக் ஹோம்ஸைப் பாருங்கள். 1887 கதையில் வாட்சன் ஆப்கன் போரில் அடிபட்டு லண்டன் திரும்புவார். 2010இல் பிபிசி அவர்களைச் செல்போன் காலத்துக்குக் கொண்டுவந்தது. நன்றாகத்தானே ஓடியது?

தேவகோட்டை ரஸ்தா: அதிலும் வாட்சன் வந்தது ஆப்கன் போரிலிருந்துதான்! போரை மாற்றவில்லை பாருங்கள், நீங்களும் சிலம்பை மாற்றாதீர்கள். அப்புறம், 1931இல் மதுரையில் பாண்டியன் ஏது? வெள்ளைக்காரக் கலெக்டர் "யானோ அரசன் யானே கள்வன்" என்று நாற்காலியிலிருந்து விழுந்து உயிரை விடுவாரா? மாற்றல் வாங்கிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விடுவார்.

கொப்புடையாள் பிள்ளை: அதுதானய்யா கதையே! தப்பைத் தப்பென்று ஒத்துக்கொள்ளாத சர்க்கார். அதன் முன்னால் நிற்கிறவள் பழைய கண்ணகியாக எப்படி இருப்பாள்?

தேவகோட்டை ரஸ்தா: கழுத்துருவை உடைத்தால் என்ன தெறிக்கும்?

கொப்புடையாள் பிள்ளை: எதற்கு உடைக்க? கல்யாணச் சிட்டையில், அதான் சீர் கணக்குச் சீட்டில், எடை போட்டு எழுதியிருக்கும். அதை நீட்டுவாள்.

தேவகோட்டை ரஸ்தா: தலைவிரி கோலமாக வந்து ரசீது காட்டுவாளாக்கும்! இளங்கோவடிகள் கேட்டால் இன்னொரு முறை துறவு போவார்.

வடக்கு வளவு: மதுரைக் கலெக்டர் ஏன் ஊட்டிக்குப் போகிறார்? கொடைக்கானல்தானே பக்கம்.

தேவகோட்டை ரஸ்தா: எங்கேயோ போகட்டும். சிட்டைக்குள் மாணிக்கம் இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள்.