அடீனியக் கிழங்கு அழுகல்: மட்டக்களப்பில் வளர்ப்பவர்களிடம் ஒரு உதவி

வணக்கம். கல்லடியில் திறந்த முற்றத்தில் நிற்கும் அடீனியம் (அடித்தண்டு கிழங்குபோல் பருத்த பூச்செடி). மாரி மழையோடு கிழங்கின் ஒரு பக்கம் அமுக்கினால் உள்ளே போகுது. கலவையில் பாதிக்கு மேல் தும்புத்தூள். அது தண்ணீரைப் பிடித்து வைத்ததுதான் காரணம்.

வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி (ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து), கறுவாத்தூள் பூசி, நிழலில் தொங்கவிட்டு இன்று 6ஆம் நாள். வெட்டுவாய் ஓரமெல்லாம் காய்ந்து தோல் கட்டியாச்சு. நடுவில் மட்டும் 5 ரூபாய்க் குத்தியளவு ஈரம், மணம் இல்லை. இன்னும் வெட்டவா, 10 நாள்வரை பார்க்கவா?

திரும்ப நட 3 பங்கு பருமணல், 2 பங்கு செங்கல் சல்லி, 1 பங்கு கூட்டெரு. கடல்மணல் உப்பு, அது சரிவராது. கழுவின ஆற்றுப் பருமணல் ஒரு வாளியளவு காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் எங்கே எடுக்கலாம்? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.