ஷார்ட் சேல் வீடு: முதல் வங்கி சம்மதித்தும் இரண்டாம் வங்கி இழுத்தடிக்கிறது. என்ன செய்யலாம்?

தேன்மொழி:

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவின் ட்ரேசி நகரில் ஷார்ட் சேல் முறையில் விற்பனைக்கு வந்த வீடொன்றை வாங்க நானும் என் கணவரும் சென்ற இலையுதிர் காலத்தில் ஒப்பந்தம் செய்தோம். வீட்டின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகம் என்பதால், கடன் கொடுத்தவர்கள் குறைந்த தொகைக்கு இணங்கி அடமானத்தை விடுவித்தால்தான் விற்பனை நடக்கும் என்பதை அறிந்தே இறங்கினோம். உரிமையாளர் உடனே கையெழுத்திட்டார். வங்கியிடமிருந்துதான் பல வாரங்களுக்குப் பதிலே இல்லை. வந்த பதிலும், உரிமையாளரின் சம்பளச் சான்றும் கணக்கு அறிக்கையும் பழையவையாகிவிட்டன, புதியவற்றை அனுப்புங்கள் என்பதுதான். அனுப்பி முடிப்பதற்குள் கோப்பைப் பார்த்துவந்த அலுவலர் மாறிவிட, அடுத்து வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார்.

ஒருவழியாக முதல் வங்கி சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டது. இப்போது அதே வீட்டின் மேல் ஹோம் ஈக்விட்டி கடன் (வீட்டை ஈடாக வைத்து வாங்கும் கூடுதல் கடன்) கொடுத்த இரண்டாம் வங்கி, விற்பனைத் தொகையில் தனக்கு ஒதுக்கப்பட்ட 6,000 டாலர் போதாது என்று நிற்கிறது. சம்மதக் கடிதத்தின் கெடு இம்மாத இறுதியில் முடிகிறது. பணம் கட்டி நீட்டித்த எங்கள் வட்டி விகித லாக்கும் (எங்கள் வீட்டுக் கடனின் வட்டியைக் குறித்த நாள்வரை மாறாமல் வைக்கும் ஏற்பாடு) அதையொட்டியே முடிகிறது. விற்பவரின் ஏஜென்ட், எஸ்க்ரோவுக்கு (விற்பனை முடியும்வரை பணத்தையும் ஆவணங்களையும் வைத்திருக்கும் நடுநிலை அலுவலகம்) வெளியே 10,000 டாலரை நாங்களே இரண்டாம் வங்கிக்குக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்கிறார். கொடுக்கலாமா? காத்திருப்பதா, விலகுவதா என்றே தெரியாமல் தவிக்கிறோம்.

ராகவன்:

சகோதரி, தயவுசெய்து எஸ்க்ரோவுக்கு வெளியே ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு போகிறது என்பது முழுவதையும் இறுதிக் கணக்கு அறிக்கையில் பார்த்துத்தான் முதல் வங்கி தன் நஷ்டத்துக்குச் சம்மதிக்கிறது. அந்த அறிக்கையில் இல்லாத பணம் கைமாறினால் அது கடன் கொடுத்தவரை ஏமாற்றும் மோசடியாகும். மறைமுகக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை என்று நீங்களும் கையெழுத்திட வேண்டியிருக்கும். ஏஜென்ட் சொன்னதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டார் என்றே நினைக்கிறேன். கூடுதல் தொகை கொடுக்க உங்களுக்கு உண்மையிலேயே விருப்பமிருந்தால், அதை அறிக்கையில் காட்டி, முதல் வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்று, எஸ்க்ரோ வழியாக மட்டுமே கொடுங்கள்.

பொன்னி (எஸ்க்ரோ அலுவலகப் பணி):

ராகவன் அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. இரண்டாம் வங்கி ஏன் இப்படி நிற்கிறது என்பதையும் புரிந்துகொண்டால் தேன்மொழி அவர்கள் முடிவெடுப்பது எளிதாகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பதைப் போல வெளிப்பார்வைக்குத் தோன்றினாலும், இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

கலிபோர்னியாவில் 2011 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஷார்ட் சேலுக்கு எழுத்துமூலம் சம்மதித்த இரண்டாம் வங்கி, அதன்பின் மீதிப் பாக்கிக்காக உரிமையாளரைத் துரத்த முடியாது; சம்மதத்துக்கு விலையாக, விற்பனைத் தொகைக்கு மேல் அவரிடம் பணம் கேட்கவும் முடியாது. கடனில் சிக்கித் தவிக்கும் குடும்பத்துக்கு இது மிக அவசியமான பாதுகாப்பு. ஆனால் உரிமையாளரிடம் கேட்கும் வழி அடைபட்டுவிட்டதால், அந்த நெருக்கடி வாங்குபவரின் பக்கம் திரும்புகிறது. முதல் வங்கி வீட்டைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டால், இத்தகைய வீட்டில் இரண்டாம் வங்கிக்கு விற்பனைத் தொகையிலிருந்து அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஆயினும் அந்த ஹோம் ஈக்விட்டி கடன் வீட்டை வாங்குவதற்காகக் கொடுக்கப்பட்டதாக இல்லாவிட்டால், ஏலத்துக்குப் பிறகும் உரிமையாளர் மீது வழக்குத் தொடரும் வாய்ப்பு அதற்கு இருக்கும். ஆகவே கையிலுள்ள 6,000 டாலரையும் பின்னாளில் வசூலாகலாம் என்ற நம்பிக்கையையும் அது எடைபோட்டுப் பார்க்கிறது. உரிமையாளரிடம் வசூலிக்க எதுவுமில்லை என்பதைக் காட்டும் வருமான விவரங்களை அவருடைய தரப்பு இரண்டாம் வங்கிக்குத் தனியாக அனுப்பினால், மனம் மாற இடமுண்டு.

6,000 என்ற தொகையைப் பார்த்தால், முதல் கடன் ஃபேனி மே அல்லது ஃப்ரெடி மேக் (வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் அமெரிக்க நிறுவனங்கள்) வசம் இருக்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டாம் கடனுக்கு அவை அந்த உச்சவரம்பைத்தான் 2012 இல் அறிவித்தன. அப்படியானால் உங்களிடம் பேசும் வங்கி அலுவலரால் தாமாக அதை உயர்த்த முடியாது. 60 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் வந்ததுதான். ஆனால் ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு தொடங்கும் என்பதால், ஒரு சம்பளச் சான்று பழையதானாலும் காத்திருப்பு நீண்டுவிடுகிறது. வாங்குபவர்களை இத்தனை அலைக்கழிப்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான், ஏனெனில் அந்தத் தாளைப் புதுப்பிக்க உங்களால் எதுவும் செய்ய முடியாது.

இளங்கோ:

விலகுவதைப் பற்றியும் சிந்தியுங்கள். கலிபோர்னியாவில் ஏஜென்ட்டுகள் வழக்கமாகச் சேர்க்கும் ஷார்ட் சேல் இணைப்புப் படிவத்தில், வங்கிகளின் சம்மதம் குறித்த தேதிக்குள் வராவிட்டால் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்ற ஷரத்து உண்டு. உங்கள் படிவத்தில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். முன்பணம் திரும்பக் கிடைப்பது அதைப் பொறுத்தது.

வீட்டின் நிலையையும் மறுபடி நேரில் பாருங்கள். இத்தகைய விற்பனையில் பழுதுபார்க்க வங்கி செலவழிக்காது, உரிமையாளரிடமும் பணம் இருக்காது. மழைக்காலம் முழுவதும் கவனிப்பாரின்றிக் கிடந்த கூரைக்கு ஆகும் செலவு, நீங்கள் பேசிவைத்த விலைக் குறைவை விழுங்கிவிடக்கூடும். தண்ணீரும் மின்சாரமும் இணைப்பில் இருக்கும்போதே இன்ஸ்பெக்ஷன் செய்துகொள்ளுங்கள்.

தேன்மொழி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொன்னி அவர்களே, முதல் வங்கியிடம் கெடுவை நீட்டிக்கக் கேட்பது யாருடைய பொறுப்பு?

பொன்னி:

விற்பவரின் ஏஜென்ட்தான் கேட்க வேண்டும். உங்கள் ஏஜென்ட் மூலம் இன்றே எழுத்தில் கோருங்கள். உங்கள் கடன் ஒப்புதல் கடிதத்தின் புதிய நகலையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். கெடு முடிந்த பிறகு கேட்டால் கோப்பை மூடிவிட்டுப் புது விண்ணப்பம் கேட்பார்கள், வீட்டை மறுபடி மதிப்பிட ஆள் அனுப்பவும் செய்வார்கள். அதில் விலை ஏறினால் முதல் வங்கியின் சம்மதமும் கையைவிட்டுப் போய்விடும்.