கருப்பை, சினைப்பை, விரை, புராஸ்டேட் நோய்கள்: வடாற்காட்டுக் குடும்பங்களின் அனுபவப் பகிர்வு

பேரணாம்பட்டு மருமகள்

மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆனபின் உதிரம் பட்டால் உடனே பார்க்க வேண்டும் என்பது இங்கே படிக்கிற எல்லோருக்கும் தெரியும் என்பதால் முன்கதையை நீட்டவில்லை. என் அத்தை, அதாவது கணவரின் தாயார், இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து பீடி சுற்றியவர். ஒரு நாள் கட்டுகளை வாங்கிப்போக ஆள் வந்தபோது, மடியிலிருந்த முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த பலகையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஈரம் இருந்தது. வந்தவர் கண்ணில் அது படுவதற்குள் சொம்புத் தண்ணீரைப் பலகைமேல் ஊற்றி, "வெத்தலை எச்சில்" என்று சொன்னபடியே முந்தானையால் துடைத்தார். யாரும் கேட்காத கேள்விக்கு அவர் சொன்ன அந்தப் பதில்தான் இன்றைக்கும் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

அன்று மாலையே அழைத்துப் போனேன். மருத்துவர் கருவி வைத்துப் பார்த்தார். பஞ்சு பட்ட மாத்திரத்தில் கருப்பை வாயிலிருந்து இரத்தம் கசிந்தது. சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் உறுதியானது. பக்கத்துத் திசுக்களுக்குப் பரவியிருக்கிறது, இடுப்புச் சுவரைத் தொடவில்லை, ஆகவே இரண்டாம் நிலையின் பிற்பகுதி என்றார்கள். இந்த நிலையில் அறுவை கிடையாது. ஞாயிறு போன்ற விடுமுறை நாள்கள் தவிர நாள்தோறும் வெளியிலிருந்து கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, பிறகு உள்ளே குழாய் வைத்துக் கதிர்வீச்சு. எங்கள் தெருவில் இதைக் கரண்டு வைப்பது என்பார்கள். மின்சாரம் பாய்ச்சிவிடுவார்கள் என்று அத்தை உண்மையாகவே அஞ்சினார். இப்போது நன்றாக இருக்கிறார். இதே நிலையில் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

வாலாஜா வாசகர்

சகோதரி சொன்னதைப் படித்ததும் என் அக்காவின் நினைவு வந்துவிட்டது. நம் பெண்கள் வாய் திறந்து சொல்வதில்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். வயிறு உப்புகிறது, இரண்டு கவளம் உண்டாலே நிறைந்துவிடுகிறது என்பதை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவர் உடம்பு தேறிவிட்டதாக நினைத்தார்கள். மருத்துவமனையில் உடை மாற்றும்போது, இடுப்பில் பாவாடை நாடா பதிந்த பழைய தழும்பையும், அதற்கு மேலே வயிறு பெருக்கப் பெருக்க அவர் தளர்த்திக் கட்டியதால் விழுந்த புதிய தழும்புகளையும் என் மனைவி பார்த்து வந்து சொன்னார். ஒவ்வொரு முறை நாடாவைத் தளர்த்தியபோதும் அக்காவுக்குத் தெரிந்துதானே இருக்கும்! வயிற்றில் நீர் கோத்திருந்தது, சினைப்பைப் புற்றில் ஏறக்கூடிய சி.ஏ. 125 என்ற இரத்த அளவு பல மடங்கு ஏறியிருந்தது. அறுவையும் மருந்தும் முடிந்து ஓராண்டு நலமாக இருந்தார், பிறகு நோய் திரும்பிவிட்டது. பெண்கள் தயவுசெய்து சொல்லிப் பழகுங்கள்.

காட்பாடிக்காரி

வாலாஜா ஐயா, உங்கள் துயரத்தை மதிக்கிறேன். உங்கள் முடிவை ஏற்க என்னால் இயலாது. என் அம்மா சொன்னார். அப்பாவிடம் சொன்னார், என்னிடம் சொன்னார், வீட்டுக்கு அருகிலிருந்த மருத்துவரிடம் பலமுறை சொன்னார். மாதவிலக்கு நின்றபிறகு படுகிறது என்று தெளிவாகவே சொன்னார். ஒவ்வொரு முறையும் உதிரத்தை நிறுத்தும் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதித் தந்தார்கள். கடைசியில் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஒரு பெண் மருத்துவர், "இதற்கு முன் உங்களை யாராவது பரிசோதித்தார்களா?" என்று கேட்டபோது, அம்மா கொஞ்சம் யோசித்து, "நாக்கை நீட்டச் சொன்னாங்க, கண்ணை இழுத்துப் பார்த்தாங்க" என்றார். அந்த மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தார். நான் எதை மறந்தாலும் அதை மறக்கமாட்டேன்.

வேலூர் மருத்துவத்தின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பங்கள் ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மறுத்து, அந்த மூன்று பெண்களும் பிரசவத்தில் இறந்ததைக் கண்டுதான் அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். அன்று வீட்டு ஆண்கள் பார்க்கவிடவில்லை. இன்று தேடிப் போய் எதிரே உட்கார்ந்து சொன்ன பிறகும் பார்க்காமலே சீட்டு எழுதுகிறார்கள் என்றால், அதற்கும் பெண்ணின் வெட்கமா காரணம்?

அம்மாவுக்கு வந்தது கருப்பை வாயில் அல்ல, கருப்பையின் உள்சவ்வில். மாதவிலக்கு நின்றவருக்கு ஸ்கேனில் அந்தச் சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். உடல் பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல் என்றார்கள். அம்மாவுக்கு இரண்டும் இருந்தன. அதிர்ஷ்டவசமாக நோய் கருப்பையைத் தாண்டாததால் அறுவையோடு முடிந்தது.

ஆம்பூர் தம்பி

பார்க்காமல் மருந்து தருவது பெண்களுக்கு மட்டும் நேர்வதில்லை. விரைப் புற்றுநோய் வந்த எங்கள் அண்ணன் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருப்பவர், அப்போது திருமணமாகாதவர். ஒரு பக்க விரை கனத்து வீங்கியிருந்தது, வலி இல்லை. யானைக்கால் நோயாளிகளையும் விரைவீக்கத்தையும் பார்த்தே வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. எனவே மாமா கேட்ட உடனே ஓதம், அதாவது விரைப்பையில் நீர் கோத்தது, என்று முடிவு செய்து, பற்றுப் போட ஏதோ வாங்கி வந்தார். மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள்.

பிறகு பார்த்த அறுவை மருத்துவர் அறை விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன டார்ச்சை வீக்கத்தின் பின்னால் வைத்தார். நீர் கோத்திருந்தால் ஒளி ஊடுருவி, உள்ளங்கையை விளக்கின்மேல் பொத்தினாற்போல் சிவந்து தெரியுமாம். அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒளி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இருட்டில் நான், அண்ணன், மருத்துவர் மூவரும் பேசாமல் அந்தக் கருமையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஸ்கேனும், ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று இரத்தப் பரிசோதனைகளும் எடுத்து, அந்த விரையை நீக்கினார்கள். விரைப்பையை அறுக்காமல் தொடையிடுக்குக்கு மேலே கீறித்தான் எடுக்க வேண்டும். பையை அறுத்தால் நோய் வேறு வழியில் பரவக்கூடும் என்பதால் ஊசி குத்தித் துணுக்கு எடுப்பதையும் தவிர்க்கிறார்கள். மருந்தால் பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம், அதனால் மருந்து ஏற்றும் முன்னே விந்தணுவைச் சேமித்து வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான், "எவ்வளவு ஆனாலும் எடுத்து வைங்க சார்" என்றார். பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் ஆகிய மூன்று மருந்துகளும் முடிந்து அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். 15 முதல் 35 வயதுக்குள்தான் இது அதிகம் வருகிறது. உரிய காலத்தில் பார்த்தால் பெரும்பாலோர் முழுவதுமாகக் குணமாகிறார்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், சோளிங்கர்

என் அனுபவம் சிறியது. ஒடுக்கத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில், கருப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவிப் புற்றின் அறிகுறி தெரிகிறதா என்று பார்க்கும் முகாமில், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் மேசையில் படுத்தபிறகு, "புளிச்ச தண்ணி எரியுமா அம்மா?" என்று கேட்டாள். கொஞ்சம் சுள்ளென்று இருக்கும், ஒரு நிமிடம்தான் என்றேன். அந்த ஒரு நிமிடமும் குழந்தையின் காலை இறுகப் பற்றியிருந்தாள். கருப்பை வாயில் வெள்ளையாகத் திட்டு ஏறியது, அது சந்தேகத்துக்குரிய அறிகுறி. மேல் மருத்துவமனைக்கு அனுப்பினோம். அவள் போனாளா என்று தெரிந்துகொள்வதற்குள் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. இப்போதும் அந்தப் பக்கத்துப் பேருந்தைக் கண்டால் அவள் முகம் தேடுகிறேன்.

மேலே எழுதியவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இதைக் காட்டியதற்காக ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் 16, 18 ஆகிய இரு வகைகளே சுமார் 70 விழுக்காடு நோய்க்குக் காரணம். உடலுறவால் தொற்றுவது என்றதும் சில வீடுகளில் அந்தப் பெண்ணின் நடத்தையைப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இது மிகப் பரவலான தொற்று. கணவர் ஒருவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும், சிலருக்குத் தங்கிவிடும். தங்கியது புற்றாக மாறப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு.

அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5 விழுக்காடு கரைசலாகத் தடவிப் பார்க்கும் இந்தச் சோதனையை எளிது என்று அலட்சியப்படுத்தாதீர்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குச் செவிலியர்களே ஒரு முறை இதைச் செய்து, பின்னர் பல ஆண்டுகள் கவனித்தார்கள். சோதனை செய்யாத ஊர்களைவிட நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் ஆய்வு வெளியானது. ஆனால் மாதவிலக்கு நின்றவர்களுக்கு நோய் தொடங்கும் இடம் உள்ளே ஏறிவிடுவதால் இந்தச் சோதனை சரிவராது. அவர்களுக்குக் கருப்பை வாயிலிருந்து செல்களை வருடி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. சோதனைதான் வேண்டும். பெண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எச்.பி.வி. தடுப்பூசி போடுங்கள். ஊசி போட்டவர்களும் பிற்காலத்தில் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

வெள்ளைப்படுகிறது என்பதற்காகக் கருப்பையை எடுத்துவிடச் சொன்னால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். பெரும்பாலும் அது மருந்தில் தீரும் தொற்றுதான். துர்நாற்றத்தோடோ இரத்தம் கலந்தோ பட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். கருப்பையில் வரும் எல்லாக் கட்டிக்கும் கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. ஆண் குழந்தை பிறந்தால் இரண்டு விரையும் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதமாகியும் இறங்காவிட்டால், ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்கிவிட வேண்டும். இறங்காத விரைக்குப் பின்னாளில் புற்று வரும் வாய்ப்பு கூடுதல். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

ஆற்காடு பெரியவர்

செவிலியர் அம்மா இவ்வளவு எழுதியும் வயதான ஆண்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. என் தமையனார் தறி நெய்தவர். இடுப்பு வலி வந்தபோது, குழியில் கால் வைத்து உட்கார்ந்தே ஆயுள் கழிந்ததால் வந்தது என்று தைலம் தேய்த்தோம். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதை வயதின் கோளாறு என்றார்கள். கடைசியில் பார்த்தால், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்று முதுகெலும்புக்கு ஏறியிருந்தது. ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்க்கும் சோதனையை அவர் முதலில் மறுத்துவிட்டார், புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுத்தது. அந்த அளவு சாதாரண வீக்கத்திலும் தொற்றிலும்கூட ஏறும் என்பதால், கூடியிருக்கிறது என்ற ஒன்றை வைத்தே யாரும் பயப்பட வேண்டாம்.

இந்தப் புற்று ஆண் ஹார்மோனை உண்டு வளர்கிறது. அதைச் சுரக்கும் விரைகளை நீக்கினால் புற்று சுருங்கும் என்று 1941இல் மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அதே வேலையைச் செய்யும் ஊசி இருக்கிறது, காலமெல்லாம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். எது வேண்டும் என்று மருத்துவர் கேட்டார். அண்ணன் வேட்டியைச் சரிசெய்து கட்டிக்கொண்டே, "எடுத்துடுங்க. பிள்ளைங்களுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றார். வலி சில வாரங்களில் குறைந்து எழுந்து நடந்தார். அவர் காலமாகும் வரை பிள்ளைகளுக்குத் தெரியாது. மருத்துவமனைத் தாள்கள் என் பெட்டியில் இருந்தன. அவர் மகன்களுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று பிறகு அறிந்து, நானே அவர்களை உட்காரவைத்துச் சொன்னேன்.

வாலாஜா வாசகர்

காட்பாடிச் சகோதரிக்கு ஒரு விளக்கம். நான் பெண்களைக் குறைகூறவில்லை. ஆனால் செவிலியர் அம்மா சொன்ன சோதனைகளில் எதுவும் என் அக்காவின் நோயைக் காட்டியிருக்காது. பாப் ஸ்மியர் சினைப்பையைப் பற்றி எதுவும் சொல்லாது. அறிகுறி இல்லாதவர்களுக்குச் சி.ஏ. 125 எடுப்பதாலும் உயிர்கள் காப்பாற்றப்படவில்லை என்று எங்கள் மருத்துவர் சொன்னார். அப்படியிருக்க, சில வாரங்களாக ஓயாமல் வயிறு உப்புவதையும் பசி குறைவதையும் அவரே சொன்னால்தானே ஸ்கேன் எடுக்க முடியும்?

காட்பாடிக்காரி

சொல்ல வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். சொன்ன பிறகு பரிசோதிக்க வேண்டும் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள் ஐயா.

பேரணாம்பட்டு மருமகள்

தனிச்செய்தியில் ஒரு சகோதரி உள்கதிர்வீச்சு வலிக்குமா என்று கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். அத்தைக்கு மயக்கம் கொடுத்துத்தான் குழாய் வைத்தார்கள். கதிர்வீச்சு ஏறும்போது வலி இல்லை, அசையாமல் படுத்திருப்பதுதான் சிரமம் என்றார். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, ஆகவே ஒவ்வொரு வாரமும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற இரத்த அளவைப் பார்த்தபிறகே ஏற்றுவார்கள். அந்தச் சீட்டை மறக்காமல் கையில் வைத்திருங்கள். எல்லாம் முடிந்தபிறகு பிறப்புறுப்பின் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளக்கூடும். அதைத் தடுக்க ஒரு கருவியைத் தந்து பழக்குவார்கள். கணவர் இல்லாதவர்களுக்கும் அது தேவை, ஏனென்றால் பாதை மூடிக்கொண்டால் அடுத்தடுத்த பரிசோதனைகளில் மருத்துவரால் உள்ளே பார்க்க இயலாது. சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம் தெரிந்தால், கதிர்வீச்சின் பின்விளைவாகவும் இருக்கலாம், நோய் திரும்பியதாகவும் இருக்கலாம். மறு பரிசோதனைத் தேதி வரும் வரை காத்திராமல் உடனே போய்விடுங்கள்.