அக்கா புள்ளைக்காக ஒரு உதவி வேணுங்க

வணக்கமுங்க. நாங்க கொழிஞ்சாம்பாறை பக்கம், ரேஷன் கார்டெல்லாம் கேரளா, ஆனா அக்கா புள்ள படிக்கறது பொள்ளாச்சி பக்கம் ஒரு ஸ்கூல்ல, ப்ளஸ் ஒன். பையனா வளத்தோம், ஆனா தான் பொண்ணுன்னு எங்கிட்ட சொல்லி அழுதா. பசங்க கேலிக்குப் பயந்து பாத்ரூமே போறதில்ல, காலைல நான் நெறச்சுக் குடுக்கற தண்ணி பாட்டில் சாயங்காலம் மூடி கூட தெறக்காம அப்படியே திரும்பி வருது, ரெண்டு தடவ யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துருச்சு. சார்கிட்ட சொன்னா முடிய ஒட்ட வெட்டி அனுப்புங்கறாரு. படிக்கற எடத்துல பாகுபாடு காட்டக்கூடாதுன்னு 2019லயே சட்டம் இருக்குதுங்களே?

மாமா வேற மருந்து குடுத்துப் பையனாவே மாத்திடலாம்னு டாக்டர் தேடறாரு. அப்படி ட்ரீட்மென்டே கூடாதுன்னு சென்னை ஹைகோர்ட் 2021ல சொன்னத எடுத்துக் காட்டியும் கேக்கல.

கம்ப்ளைன்ட் பாலக்காட்லயா கோயமுத்தூர்லயா குடுக்கறது? குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098க்கு அடிச்சவங்க இருக்கீங்களா? புள்ளய திட்டாம உக்காத்தி வெச்சுத் தமிழ்ல பேசற கவுன்சிலர் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, ப்ளீஸ். அவ பேர மட்டும் கேக்காதீங்க.