நம்ம வீட்டு ஆளுக: குடும்பக் குழு, ஞாயிற்றுக்கிழமை

குழித்துறை சித்தி – காலை 6:52
எல்லாருக்கும் காலை வணக்கம். பிள்ளை பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு 7 மாசம் ஆச்சு. மார்த்தாண்டம், நாகர்கோவில்னு ஏறி இறங்கியாச்சு, ஒண்ணும் அமையல. ஒரு ஆஸ்பத்திரில 2 வருஷ பாண்டு எழுதி, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் குடுத்தாத்தான் சேப்போம்னு சொல்லுறாங்க. இன்னொரு ஏஜென்ட் குவைத்துக்கு 4 லட்சம் கேக்கான். எதுக்குச் சம்மதிக்கன்னு வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அசாரிபள்ளம் அக்கா – 7:05
ரெண்டுக்கும் சம்மதிக்காதீங்க சித்தி. ஒரிஜினலைக் காட்டலாம், சரிபார்த்ததும் அந்த மேசையிலேயே திருப்பி வாங்கிரணும். பாண்டு முறை கூடாதுன்னு இந்திய நர்சிங் கவுன்சிலே சுற்றறிக்கை விட்டிருக்கு. ஒரிஜினல் ஒரு இடத்துல மாட்டிக்கிட்டா கேரளா ரிஜிஸ்ட்ரேஷன், சர்க்கார் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, வெளிநாடு எல்லாமே அதோட நின்னுபோவும்.

துபாய் மாமா – 7:11
குழித்துறை அக்கா, 4 லட்சம்னு கேட்டதுமே அந்த நம்பரை அழிச்சிருங்க. லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் ஆளு ஒண்ணுக்கு வாங்கக்கூடிய உச்சபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேத்தா 35,400. அதுக்கும் ரசீது தரணும். குவைத்து வேற இ.சி.ஆர். நாடு, அதாவது வேலைக்குப் போக நம்ம அரசோட எமிக்ரேஷன் கிளியரன்ஸ்ங்கற அனுமதி வாங்க வேண்டிய நாடு. அந்த நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாத்தான் எடுக்கணும்னு 2015ல மத்திய அரசு விதி போட்டாச்சு. கேரளாவுக்கு நோர்க்காவும் ஒடெபெக்கும், நமக்குச் சென்னையில ஓ.எம்.சி.எல்.

துபாய் மாமா – 7:13
"விசிட் விசால போயிட்டு அங்க மாத்திக்கலாம்"னு அடுத்தாப்ல சொல்லுவான். எமிக்ரேஷன் கிளியரன்ஸ் இல்லாம போனா அங்க ஒரு பிரச்சினைன்னு எம்பசிக்குப் போனாலும் கையில பேப்பர் இருக்காது. எந்த ஏஜென்டா இருந்தாலும் மத்திய அரசோட இ-மைக்ரேட் இணையதளத்துல லைசென்ஸ் நம்பரைப் போட்டுப் பாருங்க. காலாவதியாச்சா, ரத்தாச்சான்னு அதிலேயே தெரியும்.

பெரியப்பா – 7:30
நர்ஸ் பற்றாக்குறைன்னுதான் பத்திரிகையில போடுதான். இங்க படிச்ச பிள்ளைக்கு வேலை இல்ல. ரெண்டும் ஒண்ணுபோல எப்படி உண்மையாவும்?

அசாரிபள்ளம் அக்கா – 7:41
உண்மைதான் பெரியப்பா. வார்டுக்கு நர்சு வேணும், ஆனா சம்பளத்தோட உள்ள பணியிடம் இல்ல. ஜெனரல் வார்டுல 6 நோயாளிக்கு ஒரு நர்சு, ஐ.சி.யூ.ல ஒருத்தருக்கு ஒருத்தர்னு கணக்கு உண்டு. ராத்திரி டூட்டிக்கு எந்தத் தனியார் ஆஸ்பத்திரிலயும் போய்ப் பாருங்க, ஒரு சிஸ்டரும் நாலஞ்சு மாணவிகளும் முழு வார்டையும் பாப்பாங்க. காலேஜும் ஆஸ்பத்திரியும் ஒரே நிர்வாகம்னா மாணவி கையே சம்பளமில்லாத கை. வருஷா வருஷம் புது பேட்ச் வெளிய வருது, ஒருத்தி வேலையை விட்டா வாசல்ல பத்துப் பேரு. பிறகு அவங்க எதுக்குச் சம்பளத்தைக் கூட்டுவாங்க?

அசாரிபள்ளம் அக்கா – 7:44
கொரோனா சமயத்துல ஒப்பந்தத்துல எடுத்த நர்சுகளை 2022 டிசம்பர் 31ஓட நிறுத்துனாங்க. 2,300 பேருக்கு மேல. கொரோனா வார்டு பாத்த அனுபவத்தோட அவங்களும் அதே வேலைக்குத்தான் வந்து நிக்காங்க. புதுசா முடிச்ச பிள்ளைகளுக்கு அந்த முதல் 2 வருஷ அனுபவம் கிடைக்கதுதான் இப்ப பெரிய கண்டம்.

தங்கச்சி – 7:52
அக்கா, அம்மா எனக்கு வேலை தேடுறதுக்கு நடுவுல, வீட்டுப் பக்கத்துலயே 15 படுக்கை உள்ள கிளினிக்ல கூப்பிடுறாங்க. சம்பளம் கையில தருவாங்களாம். சும்மா இருக்கதுக்குப் போகட்டா?

திருவனந்தபுரம் அண்ணன் – 8:03
சம்பளம் கையில வேண்டாம் மக்களே. பேங்க்ல விழணும். நாளைக்கு அனுபவத்தைச் சரிபார்க்கும்போது சம்பள ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்டும் கேப்பாங்க. வவுச்சர்ல கையெழுத்துப் போட்டு வாங்குன ரூபாய்க்குச் சாட்சி கிடையாது.

திருவனந்தபுரம் அண்ணன் – 8:09
15 படுக்கையில செய்த வேலை கைக்குப் பழக்கம் தரும், பேப்பர்ல எடை இருக்காது. 50 படுக்கைக்கு மேல உள்ள இடமாப் பாரு, 100 இருந்தா இன்னும் நல்லது. அதிலயும் "எந்த டிபார்ட்மென்ட்டும் பரவாயில்ல"ன்னு எழுதிக் குடுக்காத. ஐ.சி.யூ., டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், பச்சப்பிள்ளை ஐ.சி.யூ. இதுல ஒண்ணைக் கேளு. டயாலிசிஸ்ல புதுசா முடிச்சவங்களைக் கொஞ்சம் தாராளமா எடுக்காங்க. வெளிநாட்டுல இந்தப் பிரிவுகளுக்குத்தான் தனியா கேட்டு விளம்பரம் வருது. ஓ.பி.ல மட்டும் 2 வருஷம் நின்னா யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க.

அசாரிபள்ளம் அக்கா – 8:15
அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் வந்தாச்சா? அதுல தர்ற ஆர்.என்.ஆர்.எம்.ங்கற பதிவு நம்பர் வந்த தேதியிலேருந்துதான் அனுபவம் கணக்கு. அதுக்கு முந்தி எத்தன மாசம் வேலை பாத்தாலும் பூஜ்யம்.

தங்கச்சி – 8:17
வந்தாச்சு அக்கா, 3 மாசம் முந்தி. கேரளாவுக்கு இதே நம்பர் போதுமா?

திருவனந்தபுரம் அண்ணன் – 8:26
போதாது. களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டினா கேரளா கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் வேணும். தமிழ்நாட்டுக் கவுன்சில்ல என்.ஓ.சி.க்கு, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற சான்றுக்கு விண்ணப்பிக்கணும். அவங்க உன் பதிவைச் சரிபார்த்து அங்க எழுதுவாங்க, பிறகு அங்க நீ விண்ணப்பிக்கணும். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, டிரான்ஸ்கிரிப்ட், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் ஒரே பேருல இருக்கணும். இது மாசக்கணக்குல இழுக்கும், அதனால வேலை கிடைச்ச பிறகு பாக்கலாம்னு இருந்துராத. இண்டர்வியூல முதல் கேள்வியே "கேரளா ரிஜிஸ்ட்ரேஷன் உண்டோ"ங்கறதுதான். இல்லன்னா ட்ரெய்னின்னு எழுதி, ட்ரெய்னி சம்பளம்தான். தனியார் ஆஸ்பத்திரி நர்சுக்கு அடிப்படைச் சம்பளம் 20,000க்குக் குறையக் கூடாதுன்னு கேரள அரசு 2018 ஏப்ரல்ல அறிவிச்சாச்சு. ட்ரெய்னின்னு எழுதிட்டா அதைக் கேக்க வழியில்லாமப் போவும்.

துபாய் மாமா – 8:40
பேரு விஷயம் அண்ணன் சொன்னது ரொம்ப முக்கியம். நம்ம ஊர்ல மார்க் லிஸ்ட்டுல ஒரு எழுத்து இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டுல சர்நேம் கட்டத்துல அப்பா பேரு முழுசா வரும். வளைகுடா வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்குற டேட்டாஃப்ளோ கம்பெனில, சான்றிதழ் குடுத்த இடத்துக்கே எழுதிக் கேப்பாங்க, அப்ப பேரு ஒத்து வரலன்னா ஃபைல் அப்படியே நிக்கும். ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு நோட்டரி அஃபிடவிட் ஒண்ணு இப்பவே எடுத்து வச்சிரு மக்களே. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கலன்னா பத்தாவது சர்டிபிகேட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு விண்ணப்பத்தை நிரப்பு.

துபாய் மாமா – 8:47
எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டுலயும் இதே தொந்தரவுதான். "இவர் நல்ல முறையில் பணியாற்றினார்"னு ரெண்டு வரி எழுதித் தருவாங்க. அது எங்கயும் ஓடாது. லெட்டர்ஹெட்ல ஸ்டாஃப் நர்ஸ்ங்கற பதவி, டிபார்ட்மென்ட், ஆஸ்பத்திரியில எத்தன படுக்கை, சேந்த தேதி, விட்ட தேதி, முழுநேரம்ங்கறது, உன் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் எல்லாம் வரணும். கையெழுத்துப் போட்டவங்க பேரு, பதவி, ஆபீஸ் போன், ஆபீஸ் மெயில் இருக்கணும். சரிபார்க்குறவன் அந்த மெயிலுக்குத்தான் எழுதுவான், எச்.ஆர்.ல பதில் போட ஆளில்லன்னா உன் ரிப்போர்ட் "சரிபார்க்க முடியவில்லை"ன்னு வரும். கட்டுன ஃபீஸ் போச்சு. வேலையை விட்ட அன்னைக்கே வாங்கிரு. நாலு வருஷம் கழிச்சுப் போனா அங்க உன்னைத் தெரிஞ்சவங்க யாரும் இருக்கமாட்டாங்க.

குழித்துறை சித்தி – 8:55
இதெல்லாம் காலேஜ்ல யாரும் சொல்லிக் குடுக்கலியே தம்பி. ஜெர்மனிக்கு ரூபாயே வேண்டாம்னு சொல்லுதாங்களே, அது நெசமா?

ஜெர்மனி மைனி – 9:20
இப்பதான் டூட்டி முடிஞ்சு வந்தேன் சித்தி. அரசு வழி வந்தா ஏஜென்ட் காசு கிடையாதுங்கறது நெசம். ஆனா மொழி படிக்கணும். ஜெர்மன் மொழில பி1ங்கற நடுத்தர நிலை இருந்தா பல திட்டங்கள்ல விண்ணப்பிக்கலாம், முழு நர்சா அங்கீகாரம் வாங்க அதுக்கு அடுத்த நிலையான பி2 வேணும். ஒண்ணுமே தெரியாம ஆரம்பிச்சா தினமும் வகுப்புக்குப் போயி 8லேருந்து 12 மாசம். கோதே நிறுவனப் பரீட்சைல படிக்க, கேக்க, எழுத, பேசன்னு நாலு பகுதி, ஒவ்வொண்ணுலயும் 100க்கு 60. பி1, பி2ல தோத்த பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். நம்ம பிள்ளைக பெரும்பாலும் கேக்கறதுலயும் பேசறதுலயும்தான் தோப்பாங்க, இலக்கணத்துல இல்ல.

ஜெர்மனி மைனி – 9:27
வந்ததும் நேரா நர்சு சம்பளம்னு நெனைக்காதீங்க. நம்ம படிப்புல என்ன குறையுதுன்னு ஒரு அறிக்கை தருவாங்க. அதுக்கு ஒரு பயிற்சியோ பரீட்சையோ முடிக்கற வரைக்கும் உதவியாளர் சம்பளம்தான். "வந்த அன்னைக்கே 3 லட்சம்"னு விளம்பரம் பாத்தா நம்பாதீங்க. இங்கிலாந்துல இப்ப ஆள் எடுக்கறது ரொம்பக் குறைஞ்சுபோச்சு. போகணும்னாலும் ஐ.இ.எல்.டி.எஸ்.ங்கற இங்கிலீஷ் பரீட்சைல மூணு பகுதியில 7, எழுத்துல 6.5 வேணும்.

பெரியப்பா – 9:40
நம்ம சர்க்கார்ல ஒண்ணும் இல்லியா?

அசாரிபள்ளம் அக்கா – 9:58
உண்டு பெரியப்பா. மாநிலத்துல எம்.ஆர்.பி.ங்கற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், ஆனா முதல்ல தொகுப்பூதியம்தான், பணியிடம் காலியானாத்தான் நிரந்தரம். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துல ஒப்பந்த வேலைக்கு மாவட்ட இணையதளத்துல அறிவிப்பு வரும், மாசம் 18,000. விண்ணப்பிக்க நாள் கொஞ்சம்தான் தருவாங்க, வாரம் ஒருக்கா பாக்கணும். நல்ல சம்பளம்னா எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நர்சு எடுக்க வைக்கற நார்செட் பரீட்சை. அடிப்படையே 44,900. பி.எஸ்சி.க்கு அனுபவம் கேக்கறதில்ல, ஜி.என்.எம். டிப்ளமோன்னா 50 படுக்கை ஆஸ்பத்திரியில 2 வருஷம் வேணும். 30 வயசுக்குள்ள எழுதணும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்குத் தளர்வு உண்டு. முதல் பரீட்சையில 90 நிமிஷத்துல 100 கேள்வி, தப்புக்கு மூணுல ஒரு பங்கு மார்க் போவும். அதுல 20 கேள்வி பொது அறிவும் கணக்கும். நம்ம பிள்ளைக நர்சிங் மட்டும் படிச்சுட்டு அந்த 20லதான் கோட்டை விடுறாங்க. வேலை பாத்துக்கிட்டே தினம் 2 மணிக்கூர் படிச்சா எழுதிரலாம்.

திருவனந்தபுரம் அண்ணன் – 10:10
ஆஸ்பத்திரி இண்டர்வியூலயும் கணக்குதான் ஆளைத் தள்ளும். தங்கச்சி, இதைப் போடு: டோபமின் மருந்து 200 மில்லிகிராம், மொத்தம் 50 மில்லி ஆக்கி சிரிஞ்ச் பம்புல வச்சிருக்கு. நோயாளி 60 கிலோ. கிலோவுக்கு நிமிஷத்துக்கு 5 மைக்ரோகிராம் ஆர்டர். மணிக்கு எத்தன மில்லி?

தங்கச்சி – 10:19
5 × 60 = நிமிஷத்துக்கு 300 மைக்ரோகிராம். 60 ஆல பெருக்குனா மணிக்கு 18,000, அதாவது 18 மில்லிகிராம். 50 மில்லில 200ன்னா ஒரு மில்லில 4. 18ஐ 4ஆல வகுத்தா 4.5 மில்லி.

திருவனந்தபுரம் அண்ணன் – 10:21
சரி. மைக்ரோவை மில்லியா மாத்த மறந்துதான் நிறையப் பேரு தோப்பாங்க, நீ மறக்கல. இன்னைக்கே தமிழ்நாடு கவுன்சில் என்.ஓ.சி. விண்ணப்பத்தைப் போடு. எல்லா சர்டிபிகேட்டும் ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி எனக்குத் தனியா அனுப்பு, பேரும் பிறந்த தேதியும் ஒத்து வருதான்னு வரி வரியாப் பாத்துச் சொல்லுகேன்.

குழித்துறை சித்தி – 10:24
அந்த பாண்டுக்காரங்களுக்கு நாளைக்கு வரமாட்டோம்னு சொல்லிருகேன் மக்களே. ஸ்கேன் எடுக்க இப்பமே குழித்துறை ஜங்ஷனுக்குப் போறோம்.