செருப்புத்தாள் நடுவில் குழி: உங்களுக்கும் நடந்ததா?

கிராண்ட்பாஸ்காரன்:
செருப்புக்கு வெட்டும் இ.வி.ஏ. தாள்தான் (மெத்தென்ற பிளாஸ்டிக் நுரை), வழக்கமான கலவைதான். சூட்டு பிரஸ் திறந்ததும் தாள் அச்சைவிடப் பெரிதாகத் துள்ளி விழுமே, அதுவரை குறையில்லை. ஆறியபின் ஓரத்தில் பிளேடால் கீறி இரு கையாலும் இழுத்தேன். கிழிவு தயங்கித் தயங்கித்தான் நகர்ந்தது. நடுவில் பட்டாணி அளவுக் குழி ஒன்றைத் தொட்டதும் சர்ரென்று மறுமுனைக்கு ஓடிவிட்டது! குழிச்சுவரில் உப்பவைக்கும் மஞ்சள் தூள் கட்டியாக ஒட்டியிருந்தது. கலக்கும் உருளை மில்லில் அது சரியாகக் கலக்கவில்லை. முதலாளியோ, "சோக்குத் தூளைக் கூட்டு, தாள் உறுதியாகும்" என்கிறார். அந்தச் சர்ரென்ற சத்தம் காதைவிட்டுப் போகவில்லை.

தெமட்டகொடை மில்:
கட்டியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். மஞ்சள் தூள் தனியாக 200 பாகைக்கு மேல்தான் சிதையும். நாக ஒட்சைட்டு சேர்த்தால் 150, 160 பாகையிலேயே வாயு விடும். அதற்குள் பெரொக்சைட்டு இ.வி.ஏ.யின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னியிருக்க வேண்டும். பின்னல் பிந்தினால் நுரையின் அறைச்சுவர் (குமிழியின் சுவர்) மெலிந்து உடையும், இரண்டு அறை ஒன்றாகும். மிகவும் முந்தினால் தாள் உப்பாது. எங்களிடம் நாக ஒட்சைட்டை மாற்றியதும் தாள் முழுக்கப் பொத்தல்.

மெத்தைக்காரி, இரத்மலானை:
எங்களுடையது பொலியூரித்தேன், மெத்தைக்கான நுரை. மாலையில் நிமிர்ந்து நின்ற நுரைக்கட்டி, காலையில் இடுப்பு ஒடுங்கிக் கிடந்தது. எல்லோரும் மழையைத் திட்டினார்கள். உண்மையில் வெள்ளீய ஊக்கி (நுரையை வேகமாக இறுக வைப்பது) கூடிவிட்டது. அறைகள் திறக்காமல் மூடியே நின்றன, உள்ளே வாயு ஆற ஆறச் சுவர்கள் உள்ளிழுக்கப்பட்டன. அதைக் குறைத்தால் கட்டி வெடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் நூலளவுதான்.

மொறட்டுவை ஐயா:
கிராண்ட்பாஸ் தம்பிக்கு: மஞ்சள் தூளை முதலில் கொஞ்ச இ.வி.ஏ.யுடன் தனியாக அரைத்து, பிறகு முழுக்கலவையில் சேருங்கள். நுண்ணிய டால்க் சிறிது போடுங்கள். குமிழிகள் பல இடங்களில் பிறக்கும், அறைகள் சிறுக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நாம் சூ என்ற பேராசிரியரின் குழுவினர் 1980களில் இதே வழியில்தான் யோசித்தார்கள்: பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே இருக்கும் குறைகளைவிட அறைகள் சிறிதாக இருந்தால், எடை குறைந்தாலும் முறியாமல் தாங்கும் திறன் அதிகம் கெடாது. கிழிவுக்கு எதிராக எதிலீன்-ஒக்டீன் என்ற செயற்கை இறப்பர் கொஞ்சம் கலக்கலாம். சோக்குத் தூள் விலையைத்தான் குறைக்கும். வெட்டுமுகத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். அச்சின் வெப்பநிலையையும் நான்கு மூலைகளிலும் அளந்து...

கிராண்ட்பாஸ்காரன்:
ஐயா, நான் ஆலோசனை கேட்கவில்லை. மில் உருளை தேய்ந்துபோனது. அதை மாற்றாமல் எதைத் தனியாக அரைப்பது?

தெமட்டகொடை மில்:
டால்க் கூடினால் அதுவும் கிழிவுக்கு வழிவிடும். அளவைச் சொல்லாமல் போடச் சொல்லாதீர்கள், ஐயா.