ஒரே வருடத்தில் மூன்று கண்ணாடி: அப்பாவை யாரிடம் காட்டுவது?

செல்வி, தேனி:
அப்பாவுக்கு 61 வயது, ஒன்பது வருடமாகச் சர்க்கரை. இந்த வருடம் மட்டும் மூன்று தடவை கண்ணாடி மாற்றிவிட்டோம். எல்லாம் கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்ததுதான். போட்ட புதிதில் நன்றாகத் தெரிகிறது, ஒரு மாதத்தில் பஸ் போர்டு மங்கல் என்கிறார். கடைக்காரர் "வயசாகுதுல்ல" என்கிறார். கண் டாக்டரிடம் போனாலும் அதே எழுத்தைத்தானே படிக்கச் சொல்வார்கள்?

ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவர்), திண்டுக்கல்:
கண்ணாடி எழுதிய அன்று சர்க்கரை எவ்வளவு இருந்தது? ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் உப்பிச் சுருங்கும், பவர் மாறும். 280 இருக்கும்போது எழுதிய கண்ணாடி 140க்கு வந்ததும் பொருந்தாமல் போகலாம். சில வாரம் சர்க்கரை நிலையாக இருந்த பிறகுதான் நான் எழுதித் தருவேன்.

நான் படித்தது நான்கு வருடம், கடைசி வருடம் முழுக்க ஆஸ்பத்திரியில் பயிற்சி. பவர், கண் அழுத்தம் எல்லாம் பார்ப்போம், சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்புவோம். கடையில் பார்ப்பவர் இதைப் படித்தவரா என்று கேளுங்கள், தப்பில்லை.

எம்.எஸ். (கண் மருத்துவ மேற்படிப்பு) மூன்றாம் வருடம், மதுரை:
அக்கா, எழுத்துப் பலகையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். போன மாதம் ஓர் ஆட்டோக்காரர், மனைவியின் புரை ஆபரேஷனுக்குத் துணையாக வந்தவர். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். சர்க்கரை உண்டு என்றதால் சொட்டு மருந்து போட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்தேன். சர்க்கரையால் வலது விழித்திரையில் அங்கங்கே ரத்தக் கசிவு, புதிதாக முளைத்த ரத்தக் குழாய்கள். வலி இல்லை, மங்கல் இல்லை. அந்த வாரமே லேசர் செய்தோம்.

இதைப் பார்க்கக் கற்பதற்குத்தான் இத்தனை வருடம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அதில் கண்ணுக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். அப்புறம் நுழைவுத் தேர்வு, எம்.எஸ். மூன்று வருடம். தலையில் விளக்கு, கையில் லென்ஸ் பிடித்துப் பார்த்தால் விழித்திரை தலைகீழாகத் தெரியும். அதனால் நோயாளியின் மார்பில் காகிதத்தைத் தலைகீழாக வைத்து வரையச் சொல்வார்கள்: தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம். ஓரம் வரை முழுசாகப் பார்க்க எனக்கு ஐந்து மாதம் ஆனது.

தையல் பழகியது ஆட்டுக் கண்ணில், தலைமுடியை விட மெல்லிய நூலில். கை நடுங்கும்போதெல்லாம் டாக்டர் ஜி. வெங்கடசாமியை நினைத்துக்கொள்வேன். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு கண் ஆபரேஷன் பழகி, 1976இல் இதே மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர்.

அப்பாவுக்கு வருடம் ஒரு தடவையாவது விழித்திரை பார்க்க வேண்டும். "சர்க்கரை இருக்கிறது, சொட்டு போட்டுப் பாருங்கள்" என்று கேளுங்கள். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட விடாதீர்கள்.

செல்வி, தேனி:
நேற்று போய் வந்தோம் தம்பி. இரண்டு கண்ணிலும் சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு, ஆரம்பக் கட்டம், லேசர் இப்போது வேண்டாமாம், ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.8 சதவீதம், அதிகம்தான். நாலாவது கண்ணாடியை நிறுத்திவைத்திருக்கிறோம்.